எட்டு ஃபிரேம்

அக்கா மைக் முன்னால் நிற்கும்போது மாஸ்டரின் வலது கை அவள் இடது தோளில் இருக்கும். திரையில் இருக்கிற பெண்ணின் வாய் திறக்கும் நொடியில் மாஸ்டர் தோளை லேசாக அழுத்துவார், அக்கா பேசத் தொடங்குவாள். பதினாறு வருஷமாக அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் இப்படித்தான் டப்பிங் பேசினார்கள். வேறு எந்த ஸ்டூடியோவிலும் நான் இதைப் பார்த்ததில்லை. மற்றவர்கள் ஒரு கண்ணைத் தாளிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்துத் தட்டுத்தடுமாறித் தாங்களே கற்றுக்கொண்டவர்கள். அக்கா தாளை மட்டும் பார்ப்பாள். வாயைப் பார்ப்பது மாஸ்டரின் வேலை.

"குரல் இருக்கு. நேரம்தான் வராது" என்று மாஸ்டர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். பெருமையாகத்தான் சொல்வார். பக்கத்தில் நின்று அக்காவும் சிரித்துக்கொண்டிருப்பாள். மனைவிக்கு நீச்சல் தெரியாது என்று சொல்கிற மாதிரி ஒரு சாதாரணத் தகவலாக அது எங்கள் எல்லோருக்கும் ஆகிவிட்டது.

நான் அங்கே ஒலிப்பதிவு செய்கிறவள். என் சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும்தான் இருக்கும், மற்றபடி ஊசி. பழைய மெஷினில் துடித்துக்கொண்டிருந்த மீட்டர் ஊசியையே முறைத்துப் பார்ப்பேன் என்று மாஸ்டர் வைத்த பெயர். உன் வாய்க்கும் பொருத்தம்தான் என்று அக்கா சொல்வாள். கல்யாணம் பண்ணிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்துவிட்டவள் நான். அதனால் மற்றவர்களின் குடித்தனத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் கொஞ்சம் அதிகம்.

ஸ்டூடியோ மாஸ்டர் வீட்டின் பின்பக்கம். ஒரு காலத்தில் கார் நிறுத்திய இடம். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை நிறுத்தி அதன்மேல் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தோம். நடுவில் கனமான கண்ணாடி. இந்தப் பக்கம் நானும் என் மெஷினும், அந்தப் பக்கம் மைக்கும் திரையும். பேசும்போது மின்விசிறி ஓடக்கூடாது, கடிகாரம் கூடாது, வளையல் கூடாது, மொடமொடக்கிற துணி கூடாது. வயிறு கூடச் சும்மா இருக்க வேண்டும். பசித்த வயிற்றின் முனகல் மைக்கில் நன்றாகவே விழும். அதனால் காலை எட்டு மணிக்கே எல்லோரும் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். வாய் உலர்ந்து நாக்கு ஒட்டுகிற சத்தம் வந்தால் அக்கா ஒரு துண்டு ஆப்பிள் கடித்துக்கொள்வாள்.

கூரை மட்டும் தகரம். அதை மாற்ற வேண்டும் என்று வருஷா வருஷம் பேசுவோம், மழை நின்றதும் மறந்துவிடுவோம். மழைக்காலத்தில் மதியம் இரண்டு மூன்று மணிக்குமேல் வேலை நடக்காது. வானம் இருட்டும், முதல் பத்துத் துளி தகரத்தில் விழும், நான் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு எழுந்து போய் டீ போடுவேன்.

அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் அந்தப் பிரெஞ்சுப் படம் வந்தது.

வழக்கமாக எங்களுக்கு வருவது அடிதடிப் படங்களும் குழந்தைகளுக்கான கார்ட்டூன்களும்தான். அக்கா அதில் அணில் பேசுவாள், அணிலின் அம்மா பேசுவாள், கதாநாயகிக்குத் தோழி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், விளம்பரத்தில் கறை போகாமல் கவலைப்படுகிற பெண். கதாநாயகிக்கு வேறு யாரையாவது கூப்பிடுவார் மாஸ்டர். இந்தப் படத்தில் ஆட்கள் அதிகமில்லை. கண் டாக்டர் ஒருவன், அவன் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிற ஒரு பெண். முதல் பாதியில் அவளுக்கு அவன் வேண்டும். அது அவனுக்குத் தெரியும், காக்க வைக்கிறான். இரண்டாம் பாதியில் அவனுக்கு அவள் வேண்டும், அவள் காக்க வைக்கிறாள். இதற்கு நடுவில் நிறையச் சிகரெட், நிறைய மாடிப்படி. நான் முதல் தடவை பார்த்தபோது இந்த இரண்டு பேருக்கும் வேறு வேலை வெட்டி இல்லையா என்றுதான் தோன்றியது. இரண்டாம் தடவை பார்த்தபோது என் முன்னாள் கணவர் ஞாபகம் வந்து பாதியில் எழுந்துபோனேன்.

படத்தை அனுப்பிய கம்பெனி அக்காவின் குரலைத்தான் கேட்டது. ஏதோ ஒரு நர்ஸ் வேஷத்தில் அவள் பேசிய நாலு வரியை அங்கே யாரோ கவனித்திருக்கிறார்கள். அவள் வாழ்க்கையில் முதல் கதாநாயகி. கடிதத்தை அக்கா இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அன்று உருளைக்கிழங்கு கருகிவிட்டது. மாஸ்டர் கருகினதைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார், அதுவே பெரிய விஷயம்.

டாக்டராக மாஸ்டரே பேசுவதாக இருந்தது. நாலு நாள் ஒத்திகை பார்த்தார், ஐந்தாம் நாள் குரல் உடைந்தது. தொண்டையில் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு என்றார் டாக்டர், படத்து டாக்டர் இல்லை, நிஜ டாக்டர். நாலு வாரம் பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. மீறினால் கத்தி வைக்க வேண்டிவரும்.

குரலை வைத்துப் பிழைக்கிறவரிடம் வாயைத் திறக்காதே என்றால் என்ன ஆகும்? மாஸ்டர் ஒரு கோடுபோட்ட நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டார். எதையும் அதில் எழுதி அக்காவிடம் நீட்டுவார், அவள் எங்களுக்கு வாசித்துச் சொல்வாள். நேராக எங்களிடமே காட்டலாம். காட்டமாட்டார். அக்கா வாய் வழியாக வந்தால்தான் அவர் பேசிய மாதிரி இருக்கும் போல. வாசிக்கும்போது அக்கா அவர் தொனியிலேயே வாசிப்பாள், அவர் எங்கே மூச்சு விடுவார் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். ஆனால் எழுதியதை எழுதியபடியே வாசிப்பாள் என்று சொல்ல முடியாது. ஒருநாள் எட்டிப் பார்த்தேன். "இந்த மடையன் இன்னிக்கும் தாளைப் படிக்காமல் வந்திருக்கிறான்" என்று இருந்தது. அக்கா வாசித்தது, "ஒருவாட்டி தாளைப் பார்த்துட்டு ஆரம்பிக்கலாமான்னு கேக்கறார்."

அந்த மடையன், மாஸ்டருக்குப் பதிலாக டாக்டர் வேஷம் பேச வந்தவர். பேங்க்கில் வேலை, லீவு நாளில் குரல் கொடுப்பார். நல்ல தொப்பை, சாப்பிடத் தன் ஸ்பூனைத் தானே கொண்டுவருகிற சுத்தக்காரர். ஆனால் மைக் முன்னால் வாயைத் திறந்தால் அறையில் வேறொரு ஆள் நிற்பான். அவரைத் தேர்ந்தெடுத்தது மாஸ்டரேதான். தொப்பையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்று நான் நினைக்கிறேன், குரலைக் கணக்கில் எடுக்கவில்லை. பேங்க்காரருக்கு மாஸ்டரிடம் அப்படி ஒரு பயம். "உன் மூச்சு என் கழுத்துல படணும்" என்று அக்காவிடம் வசனம் பேசி முடித்த கையோடு "சிஸ்டர், தண்ணி வேணுமா சிஸ்டர்?" என்பார்.

இனி சொல்லப்போவது என் தப்பு. அதைப் பூசி மெழுகப் போவதில்லை.

வழக்கமாக ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகத்தான் பதிவு செய்வோம். நாள் குறைவாக இருந்தது, மழை மதியங்களைத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்து ஒரே நேரத்தில் முடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். இரண்டு மைக், நாலடி இடைவெளி. பேங்க்காரர் திரையைப் பார்த்துப் பேசுவார். அக்கா தாளைப் பார்த்துப் பேசுவாள், பின்னால் மாஸ்டர், தோளில் கை.

பதினாறு வருஷத்தில் அக்காவுக்குப் பதில் சொல்ல எதிரே ஒரு குரல் இருந்ததே இல்லை. காதுக்குள் ஏதோ ஒரு பாஷை ஓடும், அவள் அதன்மேல் தமிழை வைப்பாள். இப்போது ஒருவர் கேட்கிறார், அவள் சொல்கிறாள். இரண்டாம் நாளே குரல் மாறிவிட்டது. அணிலும் நர்ஸும் பேசிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. "நீ வராட்டியும் நான் காத்திருப்பேன்னு உனக்குத் தெரியும். அதான் நீ வரலை" என்று ஒரு வரி. அதை அவள் சொன்னபோது நான் மீட்டரையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து நாளும் ஏறக்குறைய அப்படித்தான்.

முதல் பாகத்தை அனுப்பினோம். ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. ஆண் குரல் சரி, பெண் குரல் நடிப்பு மிகச் சிறப்பு, ஆனால் கீழ்க்கண்ட பதினோரு இடங்களில் உதட்டுக்குப் பின்னால் வருகிறது, வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பவும், முடியாவிட்டால் பெண் குரலை வேறொருவரை வைத்து மாற்றவும் என்று குறிப்பு. அன்று திங்கட்கிழமை.

எனக்கு மெஷின்மேல்தான் முதல் சந்தேகம். ஒயர்களைக் கழற்றி மாட்டினேன், பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன். மெஷின் ஒழுங்காக இருந்தது. பிறகு ஒவ்வொரு இடமாக அளந்தேன். சினிமாவில் ஒரு விநாடி என்பது இருபத்துநாலு ஃபிரேம். அந்தப் பெண் வாய் திறந்த ஃபிரேமையும் அக்கா குரல் தொடங்கிய ஃபிரேமையும் குறித்துக்கொண்டே போனேன். எட்டு. எட்டு. ஒன்பது. எட்டு. ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அப்புறம் சண்டைக் காட்சிகளையும் அளந்து பார்த்தேன். அவனைத் திட்டுகிற இடம், கதவைச் சாத்துகிற இடம், உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்கிற இடம். ஒரு ஃபிரேம் பிசகவில்லை. அந்தப் பெண் அவனை வேண்டும் என்று சொல்கிற இடங்களில் மட்டும்தான் தாமதம். பதினோரு இடமும் அதுதான்.

அக்கா தாளைத்தான் பார்க்கிறாள். தொடங்கு என்று சொல்வது கை. நேரம் வராமல் போனது யாருக்கு என்று எனக்குப் புரிந்தபோது காது சூடாகிவிட்டது.

கம்ப்யூட்டரில் அந்தக் குரலை எட்டு ஃபிரேம் முன்னால் இழுத்து வைத்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடலாம். அதைத்தான் செய்யப் பார்த்தேன், வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பேரையும் ஒரே அறையில் நிறுத்தியிருந்தேனே. அக்கா மைக்கில் பேங்க்காரர் குரலும் மெல்லிசாக விழுந்திருந்தது. அவளை இழுத்தால் அவரும் கூடவே வந்தார், அறைக்குள் இரண்டு டாக்டர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராகக் காதலித்தார்கள். வேறு வழியில்லை, மறுபடி பேசித்தான் ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. பேங்க்காரரும் இருந்தார். சோறும் பருப்பும் முட்டைக்கோஸ் பொரியலும். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எத்தனை இடம் என்று கேட்டாள். சொன்னேன். எனக்குத்தான் நேரம் வராதே என்று சிரிக்கப் பார்த்தாள். பேங்க்காரர் தப்பெல்லாம் தன்னுடையதுதான் என்று ஆரம்பித்தார், யாரும் அவரைக் கேட்கவில்லை.

மாஸ்டர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். இடது கையால் நோட்டை இழுத்தார். வலது கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக எழுதினார், அழகான கையெழுத்து அவருக்கு. எழுதி வழக்கம்போல அக்காவிடம் நீட்டினார்.

அக்கா பார்த்தாள். இந்தத் தடவையும் ஏதாவது மாற்றித்தான் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் மாஸ்டர் தொனியில், அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள்.

"இந்த மாதிரி காட்சியெல்லாம் அவளுக்கு வராது. ரேடியோவில் பேசுகிற அந்தச் சின்னப் பெண்ணைக் கூப்பிடு. முழுப் படத்தையும் அவளே பேசட்டும். இவள் பெயரை எடுத்துவிடு. நேரமில்லை."

வாசித்துவிட்டு நோட்டை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள். "மோர் ஊத்தவா?" என்று தன் குரலில் கேட்டாள். மாஸ்டர் தலையை ஆட்டினார். ஊற்றினாள். பேங்க்காரர் ஸ்பூனைக் கழுவாமலேயே பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த மனிதரை நான் வெறுத்தேன் என்று சொன்னால் கதைக்கு வசதியாக இருக்கும். வெறுக்க முடியவில்லை. அக்கா ஒரு பெரிய கடையில் மைக்கில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவள். குழந்தையைத் தொலைத்தவர்கள் மூன்றாம் மாடிக்கு வரவும் என்கிற வேலை. குடை வாங்கப் போன மாஸ்டர், குடையை மறந்து நாலு அறிவிப்பு கேட்டுவிட்டு நேராக மேலே போய் என்னோடு வந்துவிடு என்றாராம். ஒன்றும் தெரியாதவளுக்கு மூச்சைப் பிடிப்பதிலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தவர். அவள் இருமினால் இரவு முழுக்கத் தூங்காதவர். அந்தக் கை அழுத்தித்தான் அவள் இத்தனை பேசினாள். எல்லாம் உண்மைதான். உண்மையாக இருப்பதால்தான் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மழை தொடங்கிவிட்டது. மாஸ்டர் படுக்கப் போனார். நான் அக்காவோடு சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவினேன், அவள் தேய்க்க நான் அலசினேன்.

"அக்கா, சண்டைக் காட்சி ஒண்ணுலகூட நீங்க தப்பலை" என்றேன். "எல்லாத்தையும் அளந்து பார்த்துட்டேன். அவன் வேணும்னு சொல்ற எடத்துல மட்டும்தான் லேட். எட்டு ஃபிரேம்."

"ம்."

"உங்க மேல தப்பில்லை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. தோள்ல..."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கை லேட்டாத்தான் அழுத்துச்சு. முதல் நாளே தெரியும்."

என் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது. அக்கா அதை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

"திரையில அந்தப் பொண்ணு வாயைத் திறந்தாச்சு. கை வரலை. நான் நின்னுக்கிட்டே இருக்கேன். அப்பத்தான் பார்த்தேன், கை நடுங்குது ஊசி. அவர் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டப்பகூட நடுங்கலை. கேட்டார்னா சொன்னேன்? கேக்கலை. கட்டிக்கலாம்னு சொன்னார், அவ்வளவுதான்."

"அதெல்லாம் இருக்கட்டும். வாய் திறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் திரையைப் பார்க்கவே மாட்டீங்களே."

அக்கா என்னை ஒரு மாதிரிப் பரிதாபமாகப் பார்த்தாள். "எத்தனை வருஷத்துக்குத்தான் ஒருத்தி தாளையே பார்த்துக்கிட்டிருப்பா?" என்றாள்.

அவள் குழாயை மூடினாள். கூரையில் மழை இரைந்ததால் கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

"சொன்னா கேவலமாத்தான் இருக்கும். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அந்த வார்த்தையை இன்னொருத்தன்கிட்ட நான் சொல்லிடக் கூடாதுன்னு அந்தக் கை கெஞ்சற மாதிரி இருந்துச்சு. அதெல்லாம் நான் அவர்கிட்டயே சொன்னதில்லை. சொல்ல விட்டாத்தானே? அவர் பேசுவார், நான் கேப்பேன். இப்ப அவரால பேச முடியலை, நான் பேசறேன், கை நடுங்குது. அதுக்காகவே அடுத்த வரியை இன்னும் கொஞ்சம் நல்லாப் பேசினேன். நடுங்கட்டும்னு."

"படம் கெட்டுப்போகும்னு தெரிஞ்சுமா?"

"படம் கெடுதுன்னு தெரிஞ்சுதான்" என்றாள். "திருப்பி எடுக்கலாம்னு நெனச்சேன். இல்லேன்னா நீ மெஷின்ல இழுத்து வச்சிடுவேன்னும் நெனச்சேன். ஒரு பத்து நாளு அந்த மனுஷனை நான் காக்க வச்சேன்டி. கை எப்ப அழுத்துமோன்னு நான் காத்துக்கிட்டிருக்கறதா அவர் நெனச்சுக்கிட்டிருந்தார்."

கொஞ்ச நேரம் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், அழவில்லை, முகம் இறுகி இருந்தது.

"இன்னிக்கு அதே கை எழுதி நீட்டுது. இவ பெயரை எடுத்துடுன்னு. போக விடாமப் பிடிச்சு வச்சிருக்குன்னு நெனச்சேன். மேல வர விடாமப் பிடிச்சு வச்சிருக்குன்னு இப்பத்தான் தெரியுது. ரேடியோப் பொண்ணுக்குச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லை."

"சொல்லாதே. காலையில மழை வருமா?"

காலையில் வராது, மதியம்தான் வரும் என்றேன். என்னமோ வானம் எனக்குச் சொந்தம் மாதிரி.

மாஸ்டரிடம் ஒரு பொய் சொன்னேன். ரேடியோப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமைதான் நேரம் இருக்கிறதாம், சும்மா இருக்கிற நேரத்தில் அக்காவை ஒருமுறை முயற்சி பண்ணவிடலாமே என்று. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நோட்டில் "ஒரே தடவை" என்று எழுதி, முதல்முறையாக நேராக என்னிடமே காட்டினார்.

புதன்கிழமை காலை புழுக்கம் தாங்கவில்லை. மின்விசிறியை நிறுத்தியதும் கழுத்தில் வியர்வை வழிந்தது. இந்தத் தடவை தனித்தனியாகத்தான் எடுப்பது என்று முடிவு. முதலில் அக்கா, பிறகு பேங்க்காரர். அதனால் பேங்க்காரர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் பக்கத்து நாற்காலியில் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேர் மட்டும். அக்கா ஒரு துண்டு ஆப்பிள் கடித்தாள், வாயைத் துடைத்தாள், மைக்குக்கு நேரே நின்றாள். மாஸ்டர் பின்னால் வந்து கையை வைத்தார். நான் சிவப்பு விளக்கைப் போட்டேன்.

திருத்த வேண்டிய காட்சிகளில் முதல் துண்டு. டாக்டர் மாடிப்படி ஏறி வந்து நிற்கிறான், அந்தப் பெண் கதவைப் பாதி திறந்து பேசுகிறாள். அக்கா தாள் வைத்திருந்த ஸ்டாண்டைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். நகர்த்திவிட்டு நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். பெண் வாய் திறந்தது.

"கதவு தாழ் போடலை. உனக்காக இல்லை. எனக்காக."

எனக்கு அளக்கவே தேவைப்படவில்லை. உதடும் குரலும் ஒன்றாக இருந்தன. மாஸ்டரின் விரல்கள் அதற்குப் பிறகுதான் தோளை அழுத்தின. அவள் பேசத் தொடங்கி, முதல் வார்த்தை முடிந்து, இரண்டாவதும் பாதி போன பிறகு.

பேங்க்காரர் என் காதருகில் குனிந்து, "சிஸ்டர் தாளைப் பார்க்கவே இல்லையே" என்றார். சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினேன்.

இரண்டாவது வரி. குரல் வந்தது, பிறகு அழுத்தம் வந்தது. மூன்றாவது வரியில் மாஸ்டர் முந்திக்கொள்ளப் பார்த்தார், வாய் திறப்பதற்கு முன்பே அழுத்திவிட்டார். அக்கா அசையவில்லை. அந்தப் பெண்ணின் உதடு பிரிகிற வரைக்கும் காத்திருந்து, பிரிந்ததும் சொன்னாள். நாலாவது வரிக்குக் கை அழுத்தவில்லை. ஐந்தாவதுக்கும் இல்லை. துண்டு முடிந்தது. பத்து நாள் கேட்டு வாய் பிளந்தேனே, அந்தக் குரல்தான். இன்னும் கொஞ்சம் நிதானமாக இருந்தது.

விளக்கை அணைக்க மறந்துவிட்டேன்.

மாஸ்டர் தோளிலிருந்து கையை எடுத்தார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த நோட்டை எடுத்து எழுதினார். எழுத நேரம் பிடித்தது, எழுதினது ஒரே ஒரு வார்த்தை. அக்காவின் முகத்துக்கு முன்னால் நீட்டினார். அவள் அதைப் பழக்கத்தில் அவர் தொனியிலேயே வாசித்தாள், மைக்கில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எப்பலேர்ந்து?"

பிறகு தன் குரலில் பதில் சொன்னாள். "நம்ம ரெண்டாவது படத்துலேர்ந்துங்க."

மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, அன்றைக்குத்தான் அந்த வயது முகத்தில் தெரிந்தது. அத்தனை படங்கள், அத்தனை அணில்கள், நர்ஸுகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வரிக்கும் அவர் அழுத்தியிருக்கிறார், அவளும் ஒவ்வொரு தடவையும் அதற்காகக் காத்திருந்த மாதிரிக் காட்டியிருக்கிறாள். வாயைத் திறந்தார். பதினெட்டு நாள் பூட்டி வைத்திருந்த தொண்டையிலிருந்து காற்றும் கரகரப்புமாக ஏதோ வந்தது. "அப்ப... எதுக்கு..." என்று எனக்குக் கேட்டது.

"பேசாதீங்க" என்றாள் அக்கா. "டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் இருமினால் வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பாளே, அந்தக் கரிசனத்தோடுதான் சொன்னாள். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் கல்யாணம் அப்படித்தான் முடிந்தது. எனக்குத் தெரிந்த முடிவு அது ஒன்றுதான்.

அக்கா திரையின் பக்கம் திரும்பினாள்.

"கையை வைங்க" என்றாள்.

அவர் நகரவில்லை. அவள் காத்திருந்தாள், திரும்பிப் பார்க்காமல், அவசரமில்லாமல். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை, அந்த அறையில் கடிகாரம் கிடையாது. பிறகு மாஸ்டர் ஒரு அடி முன்னால் வந்து வலது கையைத் தூக்கி அவள் இடது தோளில் வைத்தார்.

"ஊசி, அடுத்ததை ஓட்டு" என்றாள் அக்கா.

ஓட்டினேன். அக்காவின் பதினோரு துண்டும் மழைக்கு முன்னால் முடிந்துவிட்டன, ஒன்றுக்குக்கூட இரண்டாவது தடவை தேவைப்படவில்லை. கை கடைசி வரைக்கும் தோளில் இருந்தது, ஒருமுறையும் அழுத்தவில்லை. பேங்க்காரர் பாதியிலேயே எழுந்து, தன் முறை வரட்டும் என்று வெளியே போய் நின்றுகொண்டார். எனக்குப் போக வழியில்லை. கண்ணாடியைப் பார்க்காமல், மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.